அந்த ஒரு வீடியோ மட்டும்

அண்ணி கேட்டது ஒரே ஒரு வீடியோ. சின்னவன் அன்றைக்கே அதை மட்டும் இழுத்துக் கொடுத்திருந்தால் விஷயம் அத்தோடு முடிந்திருக்கும். ஆனால் கம்ப்யூட்டர் படித்தவனிடம் குடிக்க ஒரு வாய் தண்ணீர் கேட்டால், இரு, கிணறே வெட்டித் தருகிறேன் என்பான்.

"அதென்ன அண்ணி ஒண்ணு மட்டும்? பெட்டியில இருக்கறது எல்லாத்தையும் சேர்த்தே எடுத்துடலாம்" என்றான்.

பெட்டி, அண்ணன் வாங்கி வைத்தது. இரண்டு செங்கல் அளவுதான் இருக்கும். உள்ளே ஒரு ஹார்டு டிஸ்க். ரவுட்டரோடு இணைத்திருந்ததால் வீட்டு டிவியிலும் பார்க்கலாம், வெளியூரில் வேலை பார்க்கும் சின்னவனும் அங்கிருந்தே திறக்கலாம். குழந்தை பிறந்ததிலிருந்து எடுத்த அத்தனை வீடியோவும் அதில்தான். நகல் வைக்க இன்னொரு டிஸ்க்குக்கு இடம் காலியாகவே கிடந்தது. அடுத்த மாசம் போடுறேன், அடுத்த மாசம் போடுறேன் என்று சொல்லிக்கொண்டிருந்த அண்ணன், ஒரு நாள் பஸ் ஸ்டாப்பில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன் எழுந்திருக்கவே இல்லை. மகள் அப்போது நடை பழகிக்கொண்டிருந்தாள்.

இப்போது அவள் பள்ளிக்கூடம் போகிறாள். சுவரில் மாட்டியிருப்பது அடையாள அட்டைப் படத்தைப் பெரிதாக்கியது. அதில் அண்ணன், யாரையோ அடிக்கப் போகிறவன் மாதிரி முறைத்துக்கொண்டிருப்பான். அதை அண்ணாந்து பார்த்துவிட்டுக் குழந்தை, "அப்பா சிரிப்பாராம்மா?" என்று கேட்டுவிட்டாள். அண்ணி ஆடிப்போய்விட்டாள். அதற்காகத்தான் அந்த வீடியோ.

"டிவியில போட்டா சுத்திக்கிட்டே நிக்குது தம்பி" என்று முதல் நாளே சொன்னாள்.

"டிவி பழசு அண்ணி" என்று அதையும் ஒதுக்கித் தள்ளினான்.

மொத்தத்தையும் தன் கம்ப்யூட்டருக்கு இழுக்க ஆரம்பித்தான். கொஞ்ச தூரம் வரும், நிற்கும், நேரத்துக்குப் பதில் இல்லை, 'டைம் அவுட்' என்று வந்து விழும். சின்னவன் சளைக்கவில்லை. அண்ணி மருந்துக்கடையில் நாளெல்லாம் நின்றுவிட்டு வந்து, கால்வலியோடு மேஜைக்கு அடியில் குனிந்து, எந்த விளக்கு பச்சை, எது ஆரஞ்சு என்று பார்த்துச் சொன்னாள். கேபிளை மாற்றினாள். ரவுட்டரை இடம் மாற்றினாள். சின்னவன் தன் ஊரிலிருந்தபடி, பெட்டி தூங்கிவிடாதபடி செய்தான். பதிலுக்குக் காத்திருக்கும் நேரத்தைக் கூட்டினான். அறுந்தால் தானாகவே மறுபடி ஆரம்பிக்கும்படியும் வைத்தான். அலுவலகத்தில் நெட்வொர்க்கைக் கட்டி மேய்க்கிறவனுக்கு எதைப் பார்த்தாலும் நெட்வொர்க் கோளாறாகத்தான் தெரியும். வயிற்றுவலிக்காரனுக்குக் காதில் சொட்டு மருந்து விட்டுக்கொண்டிருந்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பேசும்போதுதான் அவன் காதில் விழுந்தது.

"அண்ணி, அது என்ன சத்தம்? கடிகாரமா?"

"பெட்டிதான் தம்பி. கொஞ்ச நாளாவே டக்கு டக்குன்னு அடிக்குது. நீங்க இழுக்க ஆரம்பிச்சதுலேர்ந்து ஜாஸ்தி. வேலை நல்லா நடக்குதுன்னு நினைச்சேன். அது கேட்டுக்கிட்டே இருந்தா எனக்கும் ஒரு தைரியமா இருக்கு."

சின்னவனுக்கு அப்போதுதான் புரிந்தது. டிஸ்க் படிக்க முடியாமல் முட்டி மோதிக்கொண்டிருக்கிறது. அது பதில் சொல்லத் திணறியதைத்தான் இவன் டைம் அவுட் என்று பார்த்திருக்கிறான். வீட்டுக்குள்ளேயே இருக்கும் டிவியில் நின்றுபோனால் இன்டர்நெட் என்ன செய்யும்? சொன்னாளே, முதல் நாளே சொன்னாளே! விளக்கு என்ன நிறம் என்று ஆயிரம் தடவை கேட்டவன், சத்தம் ஏதாவது வருகிறதா என்று ஒரு தடவை கேட்கவில்லை. மறுபடி மறுபடி ஆரம்பிக்க வைத்து, மூச்சு இழுத்துக்கொண்டு கிடந்ததை இவனே அடித்து விரட்டியிருக்கிறான்.

எல்லாவற்றையும் நிறுத்தினான்.

"அண்ணி, தப்பு என்னோடது. டிஸ்க் போயிக்கிட்டிருக்கு. இப்பவே அணைச்சு, இதைச் சரிபண்றவங்ககிட்ட குடுத்தா ஏதாவது வரலாம், வராமலும் போகலாம். இல்லன்னா ஒரே ஒரு தடவை, ஒண்ணே ஒண்ணை மட்டும் எடுத்துப் பார்க்கலாம். அதுலயே மொத்தமும் போனாலும் போயிடும்."



"நான் கேட்டதை எடுங்க."

"அது கொஞ்சம் பெருசு அண்ணி. சின்னதா வேற ஏதாவது..."

"வேற எதுலயும் அவர் இல்ல தம்பி. எல்லாம் எடுத்தது அவர்தானே? குரல் இருக்கும், முகம் இருக்காது. குடுங்க, உங்களை நான் எடுக்கறேன்னு எனக்கும் ஒரு நாள் தோணல. இதுல மட்டும்தான் பாப்பா போனைப் பிடுங்கி அவர் பக்கம் திருப்புவா."

எதற்கு அந்த ஒன்று மட்டும் என்று இத்தனை நாளில் அவன் கேட்கவே இல்லை.

அண்ணி போனைப் பெட்டி பக்கத்தில் வைத்தாள். சின்னவன் அந்த ஒன்றை மட்டும் தொட்டான். பாதி வந்து நின்றது. விரல் மறுபடி அழுத்தத் துடித்தது. கையைத் தொடைக்கடியில் வைத்து அமுக்கிக்கொண்டு உட்கார்ந்தான். நின்றது நகர்ந்தது. வந்து சேர்ந்துவிட்டது.

திறந்தான். வாயெல்லாம் சோறோடு குழந்தை. அண்ணன் குரல் கொஞ்சுகிறது. சின்னக் கை ஒன்று படத்தை மறைக்கிறது, சீலிங் ஃபேன் சுற்றுகிறது, அப்புறம் அண்ணன். தோளில் துண்டு, மூன்று நாள் தாடி, வாய் கொள்ளாத சிரிப்பு. சரியாகப் பார்ப்பதற்குள் முடிந்துவிட்டது.

"வந்துடுச்சு அண்ணி. இன்னும் ஒண்ணே ஒண்ணு..." பட்டும் புத்தி வரவில்லை.

"பிளக்கைப் பிடுங்கிட்டேன்" என்றாள் அண்ணி. டக்கு நின்றிருந்தது.

அவள் போனுக்கு அனுப்பினான். அண்ணனின் சிரிப்பு அங்கிருந்து கேட்டது. "மறுபடி" என்றது குழந்தைக் குரல். மறுபடி. மறுபடி. சின்னவன் வாயைப் பொத்திக்கொண்டு அழுதான்.

"உங்க சித்தப்பாவும் இப்படித்தான் சிரிப்பாரு. ரெண்டு பேருக்கும் ஒரே சிரிப்பு" என்று அண்ணி சொல்வது கேட்டது.

"பொய். சித்தப்பா சிரிக்கவே மாட்டாரு."

உண்மைதான். அண்ணன் போன வீட்டோடு பேசும்போது பல்லைக் காட்டுவது மரியாதையில்லை என்று அவன் அடக்கியே வைத்திருந்தான்.

"சித்தப்பா, எங்க, சிரிங்க பார்ப்போம்."

மூக்கைத் துடைத்துக்கொண்டு சின்னவன் சிரித்தான். முதலில் இருமல் போலத்தான் வந்தது. அப்புறம் சரியாக வந்தது.

"அம்மா, ஆமாம்மா!" என்று கத்தினாள் குழந்தை.