ஓடிக்கொண்டிருந்த கணக்கு

பவதாரிணி பிளக்கை அழுத்திப் பிடித்தாள். ஐஸ் பெட்டியின் மோட்டார் உறுமி எழுந்தது. கையை எடுத்ததும் சுவருக்குள் சரசரவென்று ஒரு சத்தம், நீலமாக ஒரு பொறி. மோட்டார் மறுபடியும் அடங்கிப்போனது.

கண்ணாடிக்கு அடியில் அப்பா படுத்திருந்தார். டவுன் பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற டிரைவர் காளை, காலையில் டீ டம்ளரைக் கீழே வைத்தவர், அப்படியே சாய்ந்துவிட்டார். பழங்காநத்தத்து வீட்டின் சின்ன ஹாலில் வெக்கையும் ஆட்களும் பூமாலை வாடையும் நெருக்கியடித்தன. தம்பி ராஜபாண்டி மஸ்கட்டில் விமானம் ஏறிவிட்டான். வந்து சேரச் சாயங்காலமாகும்.

"எலக்ட்ரீசியன் மொக்கையனுக்குப் போன் போட்டியா?" என்றார் சித்தப்பா விருமாண்டி.

"போட்டேன். திருமங்கலத்துல வேலையா இருக்காராம். முடிச்சிட்டு வாரேங்கிறாரு."

"ஏத்தா, நீ இம்புட்டு வருசமா இந்தப் பொறியப் பத்தித்தான படிக்கிற? ஒரு பிளக்க ஒட்ட வைக்க முடியல?"

யாரோ தொண்டையைக் கனைத்தார்கள். அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

சித்தப்பா சொன்னதில் பொய் இல்லை. இரண்டு உலோக முனைகள், நடுவே மயிரிழை இடைவெளி. அந்த இடைவெளியில் மின்சாரம் தாவும்போது காற்று கொதித்துப் பிளாஸ்மாவாகிறது. அவ்வளவு சிறிய இடத்துக்குள் எந்தக் கருவியையும் நுழைத்து அளக்க முடியாது. கணக்குப் போட்டுத்தான் பார்க்க வேண்டும். அதுதான் அவளுடைய ஆராய்ச்சி. பொறியின் நடுப்பகுதியில் சமன்பாடுகள் சொன்னபடி கேட்கும். உலோகத்தின் தோலுக்குப் பக்கத்தில் போனதும் எண்கள் தாறுமாறாக ஏறி, கணக்கு நொறுங்கிவிடும். வருடக்கணக்காக அந்தத் தோலோடுதான் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள்.

ஸ்க்ரூடிரைவரை வாங்கி, ஹால் லைனை மட்டும் அணைத்துவிட்டுப் பிளக் பாயிண்டின் மூடியைக் கழற்றினாள். ஒவ்வொரு பொறியும் கொஞ்சம் பித்தளையைத் தின்றிருந்தது. தின்னத் தின்ன இடைவெளி கூடும், கூடக் கூடப் பொறி பெரிதாகும். இதைப் பற்றி அவளால் ஒரு வகுப்பே எடுக்க முடியும். ஆனால் முறுக்கிப் பிடிக்க அங்கே எதுவும் மிச்சமில்லை. கருகிய துண்டு கையோடு வந்துவிட்டது.

"மத்தியானத்துக்குள்ள எடுத்துருவோம்," என்றார் விருமாண்டி. "இந்த வெயில்ல அண்ணன இப்பிடிப் போட்டு வச்சிருக்கக் கூடாது. ராஜபாண்டி வீடியோல பாத்துக்கட்டும்."

"அவன் வரணும் சித்தப்பா."

"அப்ப கரண்டுக்கு ஒரு வழியச் சொல்லு."

வழி இருந்தது. அவள் அறையில் ஏசிக்கென்று தனி லைன் இழுத்துப் போட்ட பெரிய பாயிண்ட். ஏசி வாங்கவே இல்லை. அதில்தான் அவளுடைய கம்ப்யூட்டர், போன வாரத்திலிருந்து நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது. முதல்முறையாகக் கணக்கு அந்த உலோகத் தோலைத் தாண்டியிருந்தது. இடையிடையே சேமித்தால் வேகம் குறையும் என்று அப்படியே விட்டிருந்தாள். யூபிஎஸ் பேட்டரி செத்துப் பல மாதமாகிறது. ஓடும் கணக்கை இனி நடுவில் சேமிக்க வழியில்லை, பிளக்கைப் பிடுங்கினால் எல்லாம் போகும்.

அறை வாசலில் நின்றாள். அம்மா கனகா, அவிழ்ந்த முடியோடு பின்னால் வந்தாள்.

"அதப் புடுங்கணுமாத்தா?"

"வேற பாயிண்ட் தாங்காதும்மா. ஹால் வரைக்கும் ஒயர் இழுத்தாலும் சூடேறிரும்."

அம்மா திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஒங்கப்பா மிக்சியக்கூடப் போட விடல. லோடு ஏறி டிரிப் ஆயிருச்சுன்னா புள்ள கணக்கு நின்னுபோகும்னாரு. அதான் இந்த ஒரு வாரமா கடைச் சட்னி. நீ காலேஜுக்குப் போனதும் வந்து கதவத் தொறந்து பாப்பாரு. 'கனகா, ஓடுது'ம்பாரு."

கடைச் சட்னி புளிக்கிறதென்று பவதாரிணி முந்தாநாள்கூட முகத்தைச் சுளித்திருந்தாள். அப்பா தன் தட்டிலிருந்த இட்லிப் பொடியை அவள் பக்கம் தள்ளிவைத்தார்.

திரையில் எண்கள் வரிவரியாக இறங்கிக்கொண்டிருந்தன. ஒன்றுகூட உடையவில்லை. அதுவே அவளுக்கு ஆத்திரத்தைக் கிளப்பியது. இத்தனை நாளும் நொறுங்கிக்கொண்டே இருந்தது இன்றைக்கென்று ஒழுங்காக ஓடுகிறது. சித்தப்பாவிடமா, வராத மொக்கையனிடமா, ஒரு வார்த்தை சொல்லாமல் போன அப்பாவிடமா, யாரிடம் போய்க் கத்துவது?

குனிந்து பிளக்கைப் பிடுங்கினாள். கம்ப்யூட்டரின் விசிறி ஒரு பெருமூச்சு விட்டு நின்றது.

"தூக்கிட்டு வாங்க," என்றாள் ஹாலைப் பார்த்து.

கட்டிலை நிமிர்த்திச் சுவரோரம் சாத்தினார்கள். பெட்டியை உள்ளே வைத்ததும் சுற்றி நடக்க ஓர் ஆள் இடம்தான் இருந்தது. மோட்டார் நிற்காமல் ஓடியது. விருமாண்டி கொஞ்ச நேரம் அதையே கேட்டுக்கொண்டிருந்துவிட்டு வெளியே பந்தலுக்குப் போனார்.

வெயில் சாய்ந்த பிறகு ராஜபாண்டி வந்தான். தோளில் பையோடு ஹாலுக்குள் நுழைந்தவன், காலியாகக் கிடந்த தரையைப் பார்த்துத் திகைத்து நின்றான். யாரோ அறையைக் கை காட்டினார்கள்.

"ஏக்கா, அப்பாவ ஏன் இங்க வச்சிருக்கீங்க?"

"இங்கதான்டா கரண்டு ஒழுங்கா வருது."

அவன் அணைந்து கிடந்த திரையைப் பார்த்தான். பெட்டியின் கண்ணாடி முழுக்க வேர்த்திருந்தது. அப்பாவின் முகம் தெரியவில்லை. பையை இறக்காமலே குனிந்து உள்ளங்கையால் துடைத்தான். நெற்றி தெரிந்தது, பிறகு மூக்கு. பார்த்துக்கொண்டிருக்கும்போதே மறுபடியும் மங்கியது. மறுபடியும் துடைத்தான்.

பந்தலிலிருந்து விருமாண்டி, நேரமாகிறது என்று குரல் கொடுத்தார். பவதாரிணி எதிர்ப்பக்கம் போய் நின்று, துப்பட்டா நுனியைச் சுருட்டி, அப்பாவின் கைகள் இருந்த இடத்தைத் துடைக்கத் தொடங்கினாள்.