வலப்பக்கச் சாய்வு

வேலை கேட்டுப் போன கம்பெனியில் என் புருஷன் ரகுபதியைக் குடிகாரன் என்று சொல்லிவிட்டார்கள். கள்ளைக்கூட முகர்ந்து பார்க்காத மனுஷர். தரையில் போட்டிருந்த மஞ்சள் கோட்டின்மேல் தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு போகச் சொல்லியிருக்கிறார்கள். பத்தடி போவதற்குள் வலப்பக்கம் ஒதுங்கி, அடுக்கியிருந்த பெட்டிகளில் முட்டிவிட்டார். "திங்கக்கெழம தெளிஞ்சி வா, இன்னொரு தபா பாக்கலாம்" என்று சூப்பர்வைசர் அனுப்பிவிட்டார்.

பதினாறு வருஷமாக ரகுபதிக்கு நேராக நடக்கிற வேலையே இல்லை. எங்களுடையது குடைராட்டினம். நடுக்கம்பத்தில் மாட்டிய கட்டையை அவர் தள்ளிக்கொண்டு ஓட, சங்கிலியில் தொங்கும் எட்டு நாற்காலிகளும் வெளிப்பக்கமாகப் பறக்கும். பிள்ளைகள் வெளியே போகப் போக அவர் உள்ளே சாய்வார். சாமியைச் சுற்றுகிற மாதிரி வலமாகத்தான் சுற்ற வேண்டும். இடஞ்சுற்று சாவுக்கு. இப்படி ஒரே பக்கம் சாய்ந்து சாய்ந்து வலது இடுப்பு தேய்ந்துவிட்டது. இந்த வருஷத்தோடு ராட்டினம் முடிந்தது என்பது இருவருக்குமே தெரியும். இந்த வேலையும் கிடைக்காவிட்டால் என்ன செய்வது என்பதுதான் தெரியவில்லை.

அந்த வாரம் வடக்குப்பட்டில் திருவிழா. "மூணு நாளைக்கு எதிர்ப்பக்கமா தள்ளிப் பாருய்யா. ஒடம்பு நிமிந்துக்கும்" என்றேன். எனக்கே பைத்தியக்காரத்தனமாகத்தான் பட்டது. சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் இரண்டு சுற்றுகூடப் போயிருக்காது. கோயில் தர்மகர்த்தா மண்ணாங்கட்டி வந்து கட்டையைப் பிடித்து நிறுத்தினார்.

"இன்னாப்பா இது? புள்ளைங்கள ஒக்கார வெச்சிகினு இடமா சுத்துற. ஊருக்கு ஆவுமா?"

ரகுபதி கட்டையின் மறுபக்கம் போய் நின்றார்.

அதனால் சனியும் ஞாயிறும், ஆள் வராத உச்சி வெயிலில், வெறும் நாற்காலிகளை இடமாகச் சுற்றினார். அவையும் பிள்ளைகள் உட்கார்ந்த மாதிரியே, அதே சாய்வில் பறந்தன. கனத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை போலிருக்கிறது. இவர்தான் இடப்பக்கம் சாய வேண்டிய இடத்திலும் வலப்பக்கமே சாய்ந்து தடுமாறினார்.

"போதும்மே" என்றார். "கால் கேக்கல."

திங்கட்கிழமை காலை பஸ்ஸை விட்டு இறங்கிப் பெங்களூர் ரோட்டோரமாக நடந்தோம். நான் அவருடைய வலப்பக்கம் வந்து, என் தோளை அவர் தோளுக்கு முட்டுக்கொடுத்துக்கொண்டேன். ரோட்டோர வெள்ளைக் கோட்டை விட்டு அவர் ஒரு விரற்கடைகூட விலகவில்லை.

"இன்னிக்கி பரவால்லமே, நேராத்தான் போறேன்" என்று சிரித்தார். எனக்கு அழுகை வந்தது. தோளை இன்னும் கொஞ்சம் அழுத்திக் கொடுத்தேன்.

கம்பெனி கேட்டில் என்னை நிறுத்திவிட்டு அவரை மட்டும் உள்ளே விட்டார்கள். ஷெட்டின் கதவு திறந்திருந்ததால் மஞ்சள் கோடு எனக்கும் தெரிந்தது. சூப்பர்வைசர் ஏதோ சொன்னார். ரகுபதி வண்டியின் பிடியில் கை வைத்தார்.

நான் கேட்டுக்கு வெளியே, இடது தோளை வெறும் காற்றில் அழுத்திக்கொண்டு நின்றேன்.