பச்சைப் பையின் படம்

அக்கா ஒளிந்திருந்த இல்லத்துக்கு வெப்சைட் செய்து தர தம்பி வலியப் போய் ஒப்புக்கொண்டான். அடி தாங்காமல் ஓடிவந்த பெண்கள் தைக்கும் துணிப்பைகளை விற்க ஒரு பக்கம். உள்ளே இருப்பவர்களின் விவரத்தை நிர்வாகம் மட்டும் பார்க்க இன்னொரு பக்கம். வீடு எந்தத் தெருவில் இருக்கிறது என்பது வெளியே ஒரு ஈ காக்கைக்கும் தெரியக்கூடாது. அக்கா புருஷன் மோப்பம் பிடித்துத் திரிகிற ஆள்.

சர்வர் மலிவானது, பல பேரோடு பங்கு போட்டுக்கொள்வது. ஏற்றிய படங்களெல்லாம் அதில் வெளியார் பார்க்க முடியாத ஒரு ஃபோல்டருக்குள் போய் உட்கார்ந்தன. பைகளின் படம் மட்டும் வெளியே தெரிய ஒரு லிங்க் போடவேண்டும். அந்த வசதியைச் சர்வர்காரன் முடக்கி வைத்திருந்தான். பைகள் இருக்கவேண்டிய இடத்தில் வெறும் கட்டங்கள்.

"தம்பி, படமே வரல. என்னத்தப் பாத்து வாங்குவாங்க?" என்று வார்டன் அம்மா நச்சரித்தாள்.

ஒவ்வொரு படமாக நகலெடுத்து வெளியே வைத்துப் பார்த்தான். புதுப் பை வரும்போதெல்லாம் அதே எழவு. சலித்துப்போய், மொத்த ஃபோல்டரையும் தூக்கி வெளியே வைத்துவிட்டான். பெண்களின் படங்களும் அதற்குள் இருந்தது தெரியாமல் இல்லை. அங்கே போக எங்கேயும் பட்டன் கிடையாதே, யார் பார்க்கப் போகிறார்கள்? சோம்பேறிகள் சொல்லிக்கொள்கிற சமாதானம்தான். ஆனால் பக்கத்தின் அடியில் தன் பெயரைப் போட்டுக்கொள்ள மட்டும் மறக்கவில்லை.

பைகள் பளிச்சென்று தெரிந்தன. "நான் தச்ச பச்சைப் பை முதல்ல இருக்குடா!" என்று அக்காவே போன் செய்து சிரித்தாள். அவள் சிரித்துக் கேட்டு எவ்வளவோ காலமாயிற்று. அவனுக்குக் கண் கலங்கிவிட்டது.

தம்பியின் பெயரைத் தேடித்தான் அத்தான் அங்கே வந்து சேர்ந்தான். பச்சைப் பையின் படத்தைத் திறந்து, மேலே இருந்த இணைய முகவரியின் வாலில் இருந்த படத்தின் பெயரை மட்டும் அழித்தான். மொத்த ஃபோல்டரும் விரிந்தது. இல்லத்தில் யார் சேர்ந்தாலும் வாசல் கேட் ஓரம் நிறுத்திப் படம் எடுப்பார்கள். அங்கேதான் வெளிச்சம் நன்றாக இருக்கும். அக்காவின் படத்தில் உதட்டுக் காயம் தெரிந்தது. தோளுக்குப் பின்னால் கதவு எண்ணும் தெருப் பெயரும் தெரிந்தன.

"மச்சான், வேலைய சுத்தமா செஞ்சிருக்க," என்றது அத்தானின் போன். பின்னால் வண்டிகளின் இரைச்சல். "உங்கக்காதான் ரொம்ப இளைச்சுட்டா."

தம்பி போனை வெட்டினான். வார்டன் அம்மாவை அழைத்தான், எடுக்கவில்லை. ஃபோல்டரை அழித்தான். சற்று நேரத்தில் அவளே அழைத்தாள்.

"என்ன தம்பி, மறுபடியும் படத்தையெல்லாம் காணோமே?"

"அம்மா, நான் சொல்றத முதல்ல—"

"ஒரு நிமிஷம் இருங்க, வாசல்ல மணி அடிக்குது." போனை மேசைமேல் வைக்கும் சத்தம்.

அவன் தொண்டை கிழியக் கத்தினான். எங்கோ தள்ளி அக்காவின் குரல் உற்சாகமாகக் கேட்டது.

"பச்சைத் துணி வந்திருக்கும்மா. நீங்க தம்பிகிட்டப் பேசுங்க, நான் போய்த் திறக்கிறேன்."