துருத்திக்குப் பின்னால் ஒருத்தி

ஆர்கன் வாசிப்பவளைத்தான் சபை பார்க்கும். அதற்குப் பின்னால், பலகைத் தடுப்புக்குள் நின்று துருத்தியை அமுக்கிக் காற்று ஏற்றுகிறவளை யாரும் பார்ப்பதில்லை. அது நான். அப்பா கோயிலில் மணியடிப்பவர், அதனால் நான் பிறந்ததிலிருந்தே கோயிலுக்குச் சம்பளமில்லாத ஆள்.

சிறுவயதில் துருத்திக் கட்டையை அமுக்க எனக்குப் பலம் போதாது. தச்சர் மகனும் நானும் சேர்ந்து அதில் தொங்குவோம். நான் அவனை நெட்டை என்பேன், அவன் என்னைக் குண்டூசி என்பான். பிறகு அவன் பட்டாளத்துக்குப் போனான். சண்டை முடிந்து, போன மாதம் கப்பலில் வந்து இறங்கினான். ஆராதனையில் பலகை இடுக்கு வழியாக அவனைப் பார்த்தபோது எனக்கு மூச்சு முட்டியது. பாட்டுக்கு மட்டும் காற்றுக் குறைய விடவில்லை.

ஆனால் சாயங்கால ஒத்திகைக்கு வந்தவன் போய் உட்கார்ந்ததோ போதகரின் தங்கை மகள் பக்கத்தில். அவள்தான் வாசிப்பவள். தினமும் அவன் தாள் புரட்டுவான், அவள் சிரிப்பாள், நான் அமுக்குவேன். எனக்கு வயிறு எரிந்தது. 'ஆண்டவரே, அவளுக்குக் காய்ச்சல் வரட்டும், சின்னதாகப் போதும்' என்று ஜெபித்தேன். அவளோ நாளுக்கு நாள் மெருகேறினாள்.

நேற்று அவன் அவளிடம், "கல்யாணப் பாட்டு ஒருதடவை வாசிங்க, கேக்கணும்" என்றான். இவர்கள் கல்யாணத்துக்கு நான் காற்றடிக்க வேண்டுமாம். இரண்டாம் அடியில் கையை எடுத்துவிட்டேன். ஆர்கன் முனகிக்கொண்டே அடங்கியது.

அவன் தடுப்புக்குள் வந்தான். "கை வலிக்குதா, குண்டூசி?"

"கட்டிக்கப் போறவங்களே வந்து அமுக்கட்டும். நான் என்ன உங்க வேலைக்காரியா?"

"யாரு யாரைக் கட்டிக்கப் போறா?"

"நீயும் அவளும். ஊருக்கே தெரியும்."

ஊருக்கு ஒன்றும் தெரியாது. எல்லாம் நானாகக் கட்டிய கதை.

அவன் சட்டைக் காலரைத் தளர்த்திக்கொண்டான். "வந்த மறுநாளே உங்கப்பாகிட்ட கேட்டுட்டேன். நானே சொல்றேன்னு அவரைச் சொல்ல விடல. உன்கிட்ட கேக்கத்தான் தைரியம் வரல. தினமும் அங்க வந்து உக்காருறதே, பலகைக்கு இந்தப் பக்கம் நீ இருக்கேன்னுதான். பாட்டு நம்ம கல்யாணத்துக்கு. அன்னைக்குக் காத்தடிக்கத்தான் ஆள் இல்ல. நீ சரின்னா தேடுறேன்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது, சந்தோஷத்தில்தான். ஆனால் தடுப்புக்கு அப்பால் அவள் தாள்களை அடுக்கும் சத்தம் கேட்டது. வயிற்றெரிச்சல் அவ்வளவு சீக்கிரம் ஆறுமா?

"சரி. ஆனா ஆள் தேட வேண்டாம். அவளையே இங்க நிறுத்து" என்றேன்.

"அப்ப யாரு வாசிக்கிறது?"

"யாரும் வேண்டாம். அவ சும்மா அமுக்கட்டும்."