ஒன்பதும் ஏழும்

மனைவியிடம் தோற்பதை ஒரு கொள்கையாகவே வைத்திருந்தார் அந்த லிஃப்ட் மெக்கானிக். போக்கர் மன்றத்தில் அவருக்கு 'பிரேக்' என்று பெயர். மற்றவர்களிடம் பாய்ந்து பாய்ந்து ஆடுவார். எதிரே மனைவி பந்தயக் காயை நகர்த்திவிட்டால் போதும், "கை சரியில்லம்மா" என்று சீட்டைக் கவிழ்த்து ஆட்டத்தை விட்டுவிடுவார்.

மனைவிக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. ஊரார் பார்வைக்கெல்லாம் கண்ணாடி தேய்த்துக் கொடுப்பவளுக்குச் சொந்தப் புருஷனின் திருட்டுத்தனம் மட்டும் கண்ணில் படவேயில்லை. போன வருஷப் போட்டியின் கடைசி ஆட்டத்தில் அவரைத் தோற்கடித்து வாங்கிய கோப்பையை அலமாரியில் வைத்து, வருகிறவர் போகிறவரிடமெல்லாம் காட்டினாள். மன்றத்தில் சீட்டுப் போடும் பழைய போஸ்ட்மேன்தான் ஒருநாள் வாய் தவறி உளறினார்.

"மூணு ராஜாவ வச்சுக்கிட்டு மனுஷன் கவுத்துட்டாரும்மா. சீட்ட அள்ளும்போது பார்த்தேன்."

அன்று அவளிடம் இருந்தது வெறும் ஒரு ஜோடி ஆறு. கோப்பை அலமாரியிலிருந்து இறங்கி, பாத்திரம் கழுவும் தொட்டியோரம் பிரஷ்களைச் சுமக்கப் போனது.

"ஆசையாத்தானேம்மா விட்டுக்கொடுத்தேன்," என்றார் அவர்.

"குழந்தைக்கு விட்டுக்கொடுங்க. நான் என்ன குழந்தையா?"

அவளுக்குக் கோபத்தைவிட வலிதான் அதிகம். இத்தனை வருஷத்தில் தான் மண்டையை உடைத்துக்கொண்டு ஜெயித்தது எது, அவர் போட்ட பிச்சை எது என்று இனி எப்படிப் பிரித்துப் பார்ப்பது? இந்த வருஷம் கிளம்பும்போதே வாசலில் நிறுத்திச் சொல்லிவிட்டாள்: "இன்னிக்கும் அந்த வேலையக் காட்டினீங்கன்னா, இனிமே நான் சீட்டத் தொடவே மாட்டேன்." அவள் சொன்னால் செய்வாள். டீக்குச் சர்க்கரையை விடுகிறேன் என்று சொல்லி அன்றைக்கே விட்டவள்.

மேசை நாற்காலி விற்கும் கடையின் மாடியில் போட்டி. காயை இழந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்துவிட, கடைசியில் மிஞ்சியது புருஷனும் பெண்டாட்டியும். "எப்படியும் கோப்பை ஒரே வீட்டுக்குத்தான். நாங்க கிளம்பட்டுமா?" என்றார் பேக்கரிக்காரர். ஆனால் யாரும் நகரவில்லை.

ஆளுக்குக் கையில் இரண்டு சீட்டு. நடுவில் இருவருக்கும் பொதுவாக ஐந்து. அவளுக்கு ஒன்பதும் ஏழும் வந்திருந்தன. போஸ்ட்மேன் நடுவில் முதல் மூன்றைத் திறந்தார். ஒன்பது, ஏழு, இரண்டு. அவளுக்கு இரண்டு ஜோடி சேர்ந்துவிட்டது. ஆனால் நடுவில் விழுந்த ஒன்பதும் ஏழும் ஆட்டின், அந்தச் சிவப்பு இதயம் போட்ட இனம். அவர் கையிலும் இரண்டு ஆட்டின் இருந்து, இன்னும் ஒன்று விழுந்தால் ஐந்தும் ஒரே இனமாகிவிடும். அதன் முன்னால் இரண்டு ஜோடி செல்லாது.

இரண்டு ஜோடி பார்க்கத்தான் பெரிய வீடு, கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. விவரம் தெரிந்தவர்கள் அந்த இடத்தில் காயைக் குவித்து எதிராளியை விரட்டுவார்கள். எதிரே வேறு யார் உட்கார்ந்திருந்தாலும் அவளும் விரட்டியிருப்பாள். இந்த மனுஷனை விரட்டினால் ஓடிவிடுவாரே? பயந்து ஓடினாரா, பாசத்தில் ஓடினாரா என்று எந்தக் கண்ணாடி போட்டுப் பார்ப்பது? அவர் நிற்கவேண்டும் என்பதற்காகவே ஒரு கைப்பிடிக் காயை மட்டும் நகர்த்தினாள். பேக்கரிக்காரர் தலையில் அடித்துக்கொண்டார்.

அவரும் அதே அளவு வைத்தார். நான்காவது சீட்டு ஒன்றுக்கும் உதவாத கறுப்பு நாலு. மறுபடி ஒரு கைப்பிடி. மறுபடி அவரும் வைத்தார். மேசைக்கடியில் அவர் முழங்கால் வழக்கம்போல ஆடிக்கொண்டிருந்தது. சாப்பிடும்போதும் டிவி பார்க்கும்போதும் ஓயாமல் ஆடுகிற கால் அது. அந்த அதிர்வில் மேசைமேல் இருந்த டீயில் சின்னச் சின்ன அலை எழுந்தது.

ஐந்தாவது சீட்டு திறந்தது. ஆட்டின் ராஜா.

டீ அசையாமல் நின்றது. அவளுக்குப் புரிந்துவிட்டது. மகள் பிறந்த சேதியைக் கேட்டபோதும் அந்தக் கால் இப்படித்தான் நின்றது. சந்தோஷம் வந்தால் அவருக்கு எல்லாம் ஒரு நிமிஷம் நின்றுபோகும்.

ஆட்டம் தோற்றாயிற்று. ஆனால் அவர் விரல்கள் சீட்டின் ஓரத்துக்குப் போய்விட்டன. முகம் 'கை சரியில்லம்மா'வுக்குத் தயாராகிக்கொண்டிருந்தது. அவள் இன்னொரு கைப்பிடி நகர்த்தினால் போதும், கவிழ்த்துவிடுவார். கோப்பை அவளுக்கு. பிரஷ் போட இன்னொரு கோப்பை.

இருந்த காய் முழுவதையும் நடுவில் தள்ளினாள்.

"எல்லாத்தையும் வைக்கிறேன். ஏங்க, அந்த டீயப் பாருங்க, ஆடவே இல்ல. உங்க கையில என்ன இருக்குன்னு எனக்குத் தெரியும்."

அவர் டீயைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். "தெரிஞ்சுமா வைக்கிற?"

"தெரிஞ்சுதான் வைக்கிறேன். இப்பச் சொல்லுங்க, கை சரியில்லன்னு."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். அவள் தேய்த்துக் கொடுத்த கண்ணாடிதான். சட்டை நுனியால் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார்.

"கை நல்லாத்தாம்மா இருக்கு," என்றார். காயை நகர்த்திவிட்டுச் சீட்டை நிமிர்த்தினார். ஏஸும் பத்தும், இரண்டும் ஆட்டின்.

அவள் கையை நீட்டினாள். முன்பின் தெரியாத ஆட்டக்காரருக்குக் கொடுப்பதுபோல அவர் கையைப் பிடித்துக் குலுக்கி, "நல்லா ஆடினீங்க," என்றாள்.

வீடு திரும்பும்போது திருட்டுச் சாமானை மறைப்பதுபோல கோப்பையை அக்குளில் இடுக்கிக்கொண்டு நடந்தார் அவர்.

"வருத்தமாம்மா?"

"இல்லாம இருக்குமா? மொத மூணு சீட்டுலயே உங்கள விரட்டியிருக்கணும். அடுத்த வருஷம் பாருங்க, விரட்டுறேன்."

"நான் ஓடலைன்னா?"

அவள் தெருவிலேயே நின்றுவிட்டாள். கல்யாணமான நாளாக அவர் அவளிடம் கேட்காத கேள்வி அது. கண் கலங்கியதை அவள் மறைக்கவில்லை.

"அப்படிக் கேளுங்க," என்று கோப்பையை அவரிடமிருந்து வாங்கிக்கொண்டாள். "வேகமா நடங்க. போய் அலமாரியில எடம் பண்ணணும்."