ஊர் மெச்சிய மருமகள்

"என் மாத்திரை டப்பா எங்க, அத்தை?"

நெவென்கா மறுபடியும் கேட்டாள். ஸ்தாமெனா முட்டைகோஸ் ஊறும் பீப்பாயின் மேல் கல்லைத் தூக்கி வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"என்கிட்டதான் இருக்கு. ஸ்லாவா விழா முடியட்டும், தர்றேன்."

"ஒரு நாள்கூட விடக்கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு."

"டாக்டரா வந்து ஊருக்குப் பரிமாறப் போறாரு? அதைப் போட்டா உனக்குக் கை நடுங்குது. ஒரு வெங்காயம் உரிக்க அரை நாள் ஆகுது. கல்யாணமான புதுசுல எப்படி இருந்தே! நான் எழுந்து வர்றதுக்குள்ள பாதி சமையல் முடிஞ்சிருக்கும்."

"அது நான் இல்ல அத்தை. அது நோவு."

"நல்ல நோவு! எனக்கும் கொஞ்சம் வந்தாத் தேவலாம்."

நெவென்கா கணவன் பக்கம் திரும்பினாள். "ராதோவான், நீயாவது சொல்லேன்."

ராதோவான் அடுப்புக்கு விறகு அடுக்கிக்கொண்டிருந்தான். அம்மாவை எதிர்த்துப் பேச அவனுக்கு நாற்பது வயதிலும் வாய் வந்ததில்லை. "கொஞ்ச நாள்தானே, நெவா" என்றான் விறகைப் பார்த்து.

வானதூதர் மிகேலின் நாள் அந்தக் குடும்பத்தின் ஸ்லாவா. குலத்தைக் காக்கும் புனிதரின் விழாவுக்கு யாரையும் அழைக்கும் வழக்கமில்லை. தானாக வருவார்கள். கதவு திறந்திருக்க வேண்டும், மேசை நிறைந்திருக்க வேண்டும். போன வருஷம் மேசையில் கடையில் வாங்கிய கேக் இருந்ததை அந்தத் தெரு இன்னும் பேசி முடிக்கவில்லை. ஸ்தாமெனா கெட்டவள் இல்லை. அந்தப் பேச்சுக்குப் பயந்தவள்.

நகரத்துக்குப் போய் வேறு மாத்திரை வாங்கிவிடலாம் என்று முதலில் நெவென்கா நினைத்தாள். சில வாரம் கழிந்ததும் தனக்கு மாத்திரையே தேவையில்லை என்று தோன்றியது. இருதுருவ நோயின் கொடுமையே அதுதான். வரும்போது நோய் மாதிரி வராது, சந்தோஷம் மாதிரி வரும்.

சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தாள். ஜன்னல் திரைகளைத் துவைத்துப் போட்டாள். தட்டுத் தட்டாக வால்நட் ரொட்டி சுட்டாள். வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற பெர்சா வாயைப் பிளந்தாள்.

"ஸ்தாமெனாக்கா, உன் மருமகளுக்குக் கண்ணு பட்டுடப் போகுது! என் வீட்லயும் ஒண்ணு இருக்கு. போனைத் தடவ மட்டும்தான் அதுக்கு விரல்."

ஸ்தாமெனா சிரித்தாள். அப்படிச் சிரித்து அவளுக்கு வெகுநாளாகியிருந்தது.

ராதோவான் மட்டும் மனைவியின் கண்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். "தூங்கினியா, நெவா?"

"தூங்குறதா? எவ்வளவு வேலை இருக்கு! இந்தத் தெரு முழுக்கச் சுண்ணாம்பு அடிக்கப் போறேன், பாரு!"

அவன் அம்மாவிடம் போனான். "போதும்மா. மாத்திரையைக் குடுத்துடு."

"நாளைக்கு ஸ்லாவாடா. இத்தனை நாள் பொறுத்தே, ஒரு நாள் பொறுக்க மாட்டியா?"

மறுநாள் பாதிரியார் வந்து ரொட்டியில் சிலுவையாய்க் கீறி, ஒயின் ஊற்றி ஆசீர்வதித்துப் போனார். வீடு நிரம்பியது. நெவென்கா பேச்சை நிறுத்தவே இல்லை. திடீரென்று நாற்காலி மேல் ஏறி ராக்கியாச் சாராயக் கோப்பையை உயர்த்தினாள்.

"இதெல்லாம் நான் செய்யல! எங்க அத்தைதான்! என் மாத்திரையை ஒளிச்சு வச்சு என்னைக் குணமாக்கிட்டாங்க! அத்தைக்காகக் குடிங்க எல்லாரும்!"

எல்லோரும் கைதட்டிக் குடித்தார்கள். ஸ்தாமெனாவின் கோப்பை மட்டும் உதடு வரை போய் நின்றது.

"ஆத்துக்கு அக்கரைக்காரங்க வரலையே! அவங்களுக்குப் பாலம் இல்ல, தானா எப்படி வருவாங்க? நான் போய்க் கூட்டிட்டு வர்றேன்!" என்றாள் நெவென்கா.

வேடிக்கை என்று சிரித்தார்கள். அவள் வெறுங்காலோடு இறங்கி நடந்தாள். ராதோவான் ஓடிப்போய்ச் சேர்ந்தபோது, நவம்பர் மாத மொராவா ஆற்றில் கழுத்தளவு ஆழத்தில் நின்று அக்கரையைப் பார்த்துக் கையசைத்துக்கொண்டிருந்தாள்.

நெவென்கா ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்தபோது பனி விழத் தொடங்கியிருந்தது. சுவரைப் பார்த்துப் படுத்தவள் அசையவில்லை. சாப்பாட்டைத் தொடவில்லை. ஸ்தாமெனா உள்ளங்கையில் மாத்திரையோடு கட்டில் ஓரம் உட்கார்ந்தாள்.

"வாயைத் திற, கண்ணே."

நெவென்கா திரும்பி அந்த மாத்திரையைப் பார்த்தபடி கேட்டாள். "இப்ப விசேஷம் ஒண்ணும் இல்லையா, அத்தை?"

ஸ்தாமெனா தலையைக் குனிந்துகொண்டாள். நெவென்கா மாத்திரையை எடுத்து விழுங்கிவிட்டு மறுபடி சுவர் பக்கம் திரும்பினாள்.

மறுநாள் பெர்சா வந்தாள். வாசற்படியில் நின்றபடியே கட்டிலை எட்டிப் பார்த்தாள்.

"இப்படிக் கிடக்கிறாளே, பாவம். அன்னைக்கு எவ்வளவு நல்லா இருந்தா!"

"அன்னைக்கும் நோவுதான், பெர்சாக்கா" என்றான் ராதோவான். "இன்னைக்கும் நோவுதான்."

"போடா. ஆத்துல இறங்கினது ராக்கியா பண்ணின வேலை. ஊரே அந்த வால்நட் ரொட்டியைப் பத்தித்தான் பேசுது." அவள் ஸ்தாமெனா பக்கம் நகர்ந்து குரலைத் தாழ்த்தினாள். "எங்க வீட்டு ஸ்லாவா, புனித நிக்கோலா நாள், வருதுக்கா. ரெண்டே நாள் இவளை அனுப்பி வை. அதுவரைக்கும் அந்த மாத்திரையைக் கொஞ்சம் நிறுத்தி வையேன்."

ஸ்தாமெனாவின் கண் கட்டில் ஓரத்து மாத்திரை டப்பாவுக்குப் போனது.

முடியாது என்ற ஒரு சொல் அம்மாவின் வாயிலிருந்து வரும் என்று ராதோவான் காத்து நின்றான். உள்ளே, சுவரைப் பார்த்தபடி, நெவென்காவும் காத்திருந்தாள்.