பென்சிலில் எழுதிய பெயர்கள்

பத்து மணிக்கு வருவதாகச் சொன்ன மரபுக் கட்டடக் குழு பத்தே காலுக்கு வந்தது. இரண்டே பேர். முதலில் இறங்கியவர் மணிமேகலை, கட்டடக் கலை சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர், குழுவின் தலைவி. கூட வந்தவர் வியாபாரிகள் சங்கம் அனுப்பிய ஆள். நாற்பது வயதிருக்கும்.

சகாயம்மாள் வாசலிலேயே நின்றிருந்தாள். சவேரியார் லாட்ஜ் திருவானைக்காவல் தாண்டி, கொள்ளிடம் பாலத்துக்கு முன்னால், பழைய சென்னை ரோட்டோரம் இருக்கிறது. 1962-ல் அவள் மாமனார் கட்டியது. மெட்ராஸிலிருந்து காரில் வருகிறவர்கள் இறங்கிக் குளித்துவிட்டுக் கோயிலுக்குப் போவார்கள். ஒரே வரிசையில் எட்டு அறை. அறைக்குப் பக்கத்திலேயே, கார் நிற்க ஆளுக்கொரு வளைவு. பைபாஸ் வந்த பிறகு வளைவுகளில் காற்றுதான் நின்றது.

கல்யாண மண்டபம் கட்ட ஒரு பார்ட்டி இடத்தைக் கேட்டுக்கொண்டிருந்தது. பாதிப் பங்கு கொழுந்தன் பிரிட்டோவுடையது. அவனுக்கும் அவளுக்கும் ஒரு பேச்சு. மரபுக் கட்டடப் பட்டியலில் சேர்ந்துவிட்டால் விற்பதில்லை, சேராவிட்டால் அவள் கையெழுத்துப் போட்டுவிட வேண்டும்.

மணிமேகலை ஒவ்வொரு வளைவாக நின்று படம் எடுத்தார். ஏழாம் அறையின் ஜன்னல் கம்பியைத் தடவிப் பார்த்தார்.

"கட்டடம் நல்லா இருக்கு. ஆனா ஊருல இந்த வயசுல நூறு கட்டடம் இருக்கும்மா. அன்னிலேருந்து இன்னி வரைக்கும் லாட்ஜாவே நடந்திருக்குன்னு நீங்க காட்டணும். அதான் இதுல விசேஷம்."

"அதுக்குத்தான் ரிஜிஸ்டர் இருக்கே மேடம்," என்றான் பிரிட்டோ. "அண்ணி பரண்லேருந்து எல்லாத்தையும் இறக்கி வச்சிருக்காங்க. இந்த அக்கறையை லாட்ஜ் நடத்துறதுல காட்டியிருந்தா நான் ஏன் விக்கிறேன்னு நிக்கப் போறேன்?"

ஆபீஸ் அறை மேசையில் அறுபத்திரண்டு புத்தகங்கள் வரிசையாக நின்றன. முதுகில் வருஷம் எழுதிய சீட்டு. நாலு நாள் தூசி தட்டி அவள்தான் ஒட்டினாள்.

மணிமேகலை 1962-ஐப் பிரித்தார். முகம் மலர்ந்தது. "வருஷத்துக்கு ரெண்டு பக்கம் படம் எடுத்துக்குறோம். வெப்சைட்ல போடுவோம். நீங்க கடைசி வருஷத்துலேருந்து பாருங்க சார்."

கூட வந்தவர் நாற்காலியை இழுத்துப் போட்டார். சகாயம்மாள் தண்ணீர் டம்ளரை நீட்டிக்கொண்டே, "ஐயாவுக்கு எந்த ஊரு?" என்று கேட்டாள்.

"முசிறிங்க. சுரேஷ்குமார். காந்தி மார்க்கெட்ல வாழைத்தார் மண்டி வச்சிருக்கேன்."

அந்தக் கரகரத்த குரல். டம்ளரை அவர் கையில் கொடுக்காமல் மேசையில் வைத்தாள்.

2016 சித்திரையில் இதே வாசலில் நின்ற குரல்தான். அப்போது ஒல்லியாக இருந்தார், மீசை கிடையாது. கூட மூன்று பேர், கையில் ஒரு போட்டோ. 'எங்க வீட்டுப் பொண்ணு. பாத்தீங்களா?' சகாயம்மாளின் புருஷன் தைரியராஜ் போட்டோவைப் பொறுமையாகப் பார்த்துவிட்டு இல்லை என்றார். அந்தப் பெண் யமுனாவும் அவள் கட்டிக்கொண்ட பையனும் அப்போது ஆறாம் அறைக்குள் இருந்தார்கள். அவன் சாதி அவள் வீட்டுக்கு ஆகாது.

தைரியராஜ் அப்படி எத்தனையோ பேருக்குக் கதவு திறந்துவிட்டவர். ரிஜிஸ்டரில் பேனாவால் பொய்ப் பெயர் எழுதுவார். ஆனால் பொய்யோடு விட அவருக்கு மனசு வராது. ஓரத்தில் பென்சிலால் நிஜப் பெயரும் ஊரும் எழுதி வைப்பார். நாளைக்கு இதுகளுக்கு ஏதாவது ஆனால் யார் என்று தெரிய வேண்டாமா என்பார். அவர் போய் மூன்று வருஷமாகிறது. தூசி தட்டும்போது அந்தப் பென்சில் எழுத்தையெல்லாம் அவளும் பார்த்தாள். வரப்போவது யார் என்றுதான் தெரியாது.

சுரேஷ்குமார் புத்தகத்தை எடுக்கவில்லை. தலையைச் சாய்த்து முதுகுச் சீட்டுகளைப் படித்துக்கொண்டு வந்தார். இருபத்துமூன்று. இருபத்திரண்டு. விரல் ஒவ்வொன்றாக நகர்ந்தது.

2016-ஐ மட்டும் எடுத்து மறைத்தால் அதுவே பதிலாகிவிடும். அவர் கேட்ட பிறகு மறுத்தாலும் பதில்தான். விரல் பத்தொன்பதில் இருந்தது.

"போதும்ங்க. எந்தப் புத்தகத்தையும் தொடாதீங்க," என்றாள்.

மணிமேகலை நிமிர்ந்தார். சகாயம்மாள் அவர் கையிலிருந்த 1962-ஐ மெல்ல வாங்கி மூடினாள்.

"அண்ணி, என்ன இது?"

"வந்து தங்குனவங்க பேரு இதுல இருக்கு. வெப்சைட்ல போடுறதுன்னா நான் தர மாட்டேன்."

"அறுபது வருஷத்துக்கு முந்தி தங்குனவன் சண்டைக்கா வரப்போறான்?"

"யார் பேரா இருந்தாலும்தான்."

சுரேஷ்குமாரின் விரல் இன்னும் புத்தகத்தின் மேல்தான் இருந்தது. "மறைக்கிற மாதிரி இதுல என்னம்மா இருக்கு?"

அவள் அவர் கண்ணைப் பார்த்தாள். "உங்க சங்கத்துப் பெரிய மனுசங்களே ரெண்டு பேரு இதுல இருக்காங்க. வீட்டுல சொல்லிட்டு வந்தவங்க இல்ல. அதையும் படம் எடுக்கணுமா?"

பிரிட்டோ சிரித்துவிட்டான். சுரேஷ்குமாரும் லேசாகச் சிரித்து விரலை எடுத்துக்கொண்டார். அவள் சொன்னது அப்பட்டமான பொய்.

மணிமேகலை சிரிக்கவில்லை. "ரிஜிஸ்டர் இல்லன்னா இது வெறும் பழைய கட்டடம்தாம்மா. சேர்க்க முடியாதுன்னுதான் நான் எழுதணும்."

"எழுதிக்கங்க."

கார் வரைக்கும் அவள் கூடவே போனாள். மணிமேகலை ஏறிக்கொண்டார். சுரேஷ்குமார் மட்டும் கதவைப் பிடித்தபடி நின்றார்.

"அக்கா, என் தங்கச்சி ஒருத்தி எட்டு வருசமா எங்க இருக்கான்னு தெரியல. அம்மா படுத்த படுக்கையா இருக்காங்க. அவளைக் கண்ணுல பாக்கணும்ங்கிறாங்க. போற எடமெல்லாம் கேட்டுப் பாக்குறேன்."

அவர் கண் கலங்கியிருந்தது போலத்தான் இருந்தது. அன்றைக்கும் இந்த மனிதர், அம்மா சாப்பிடாமல் கிடக்கிறாள் என்றுதான் சொன்னார்.

"எனக்கு யாரையும் தெரியாது தம்பி," என்றாள்.

கார் பாலத்துப் பக்கம் திரும்பி மறையும் வரை நின்றாள். பிறகு ஆறாம் அறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு போனை எடுத்தாள். யமுனா இப்போது திருவெறும்பூரில், பாய்லர் பாகம் செய்யும் சின்னக் கம்பெனி ஒன்றில் வேலையில் இருக்கிறாள். இரண்டு பிள்ளைகள்.

"உங்க அண்ணன் வந்திருந்தாரு யமுனா. உன்னைத் தேடி வரல, வேற வேலையா வந்தாரு. நான் ஒண்ணும் சொல்லல. அம்மாவுக்கு முடியலையாம். நெசமா பொய்யான்னு எனக்குத் தெரியல. ஆனா உன்கிட்டச் சொல்லாம இருக்க முடியாது."

அந்தப் பக்கம் ஏதோ இயந்திரம் ஓடும் சத்தம் கேட்டது. பிறகு நடக்கும் சத்தம், கதவு சாத்தும் சத்தம்.

"அம்மாவுக்கு என்னவாம்?"

"படுத்த படுக்கைன்னு மட்டும் சொன்னாரு."

"நம்பர் குடுத்தாரா?"

"நான் கேக்கல. கேட்டா எனக்கு உன்னைத் தெரியும்னு ஆயிடும்ல."

"போகலாமா வேண்டாமான்னு தெரியல," என்றாள் யமுனா.

வெளியே வளைவுக்கடியில் நின்றுகொண்டு பிரிட்டோ மண்டபத்துப் பார்ட்டியோடு போனில் பேசிக்கொண்டிருந்தான். "ஆமா சார், இனிமே ஒரு தடையும் இல்ல. அண்ணி சொன்ன வாக்கு மாற மாட்டாங்க." சகாயம்மாளுக்கு ஒவ்வொரு வார்த்தையும் கேட்டது. கட்டிலில் உட்கார்ந்து போனைக் காதோடு இன்னும் அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

"அவசரமில்லம்மா," என்றாள். "யோசிச்சுச் சொல்லு. நான் இருக்கேன்."